பத்து இலட்சத்து ஒன்று

செவ்வாய்க் கிரகத்தில் பிள்ளை பிறந்தால் முதலில் பெயர் வைப்பதில்லை, எண் வைப்பார்கள். குடியேற்றம் தொடங்கிய நாளிலிருந்து வரிசையாக ஓடிவரும் எண் அது. குழந்தை முதல் மூச்சு விட்டதும் தாதிப்பொறி அதை மணிக்கட்டுக்குள் பதித்துவிடும். பள்ளிக்கூடம், வேலை, கல்யாணம் எல்லாவற்றுக்கும் அதுதான்.

அன்று காலை பத்து இலட்சமாவது குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரி முழுக்க இனிப்பு கொடுத்தார்கள். பிரசவ அறை வாசலில் நின்ற பூவரசன் அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தான். அடுத்த எண் பத்து இலட்சத்து ஒன்று. உள்ளே அவன் மனைவி மணிமொழிக்கு வலி எடுத்துவிட்டது.

"பகா எண்ணுடா தம்பி," என்றாள் அவன் அக்கா செங்கமலம். "எண் ஜோசியரைக் கேட்டுட்டேன். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, நடுவுல வெறும் சைபர். எதாலயும் வகுபடாதாம். நம்ம குடும்பத்துக்கு ஆகாது."

பகா எண்ணில் பிறந்தது யாரோடும் ஒட்டாது, அதற்கு வரன் அமையாது என்பது அங்கே ஊரறிந்த நம்பிக்கை. ராசியும் நட்சத்திரமும் மூடநம்பிக்கை என்று பூமியிலேயே தலைமுழுகிவிட்டு வந்த ஜனங்கள்தாம். ஆனால் இது கணிதமாயிற்றே!

பக்கத்து அறையிலும் ஒருத்தி வலியில் இருந்தாள். அவள் முந்திக்கொண்டால் அந்த எண் அவள் பிள்ளைக்குப் போய்விடும். பிரசவத்தைத் தள்ளிப்போட ஊசியும் இருந்தது.

"எவ்வளவு நேரம் தள்ளலாம்?" என்று பூவரசன் கேட்டான்.

"கொஞ்ச நேரம் தாங்கும், ஐயா. அதற்கு மேல் குழந்தைக்கு ஆபத்து," என்றது தாதிப்பொறி.

"என்னங்க, என்னால முடியல. எந்த எண்ணா இருந்தா என்ன? நம்ம புள்ளைதானே!" உள்ளேயிருந்து மணிமொழி கெஞ்சினாள். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். ஊசி போடச் சொன்னான். சற்றுப் பொறுத்து இன்னொன்றும் போடச் சொன்னான்.

பக்கத்து அறையில் குழந்தை அழுதபோது அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அதன்பின் மணிமொழிக்கும் பிறந்தது. பெண். அழவில்லை. மூச்சு விடாத பிள்ளைக்கு எண் கிடையாது. பொறி அதைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தது. சூடு இன்னும் ஆறவில்லை. பூவரசன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

"பகா எண்ணோட பொறந்த அந்தப் புள்ளையாவது நல்லா இருக்கட்டும்," என்றான் கடைசியில்.

"அது பகா எண் இல்லை, ஐயா. நூற்றொன்றை ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றால் பெருக்கினால் அதுதான் வரும்," என்றது தாதிப்பொறி.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"எவ்வளவு நேரம் தள்ளலாம் என்று மட்டும்தான் கேட்டீர்கள்."

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அழுகையும் பொய்யில்லை. "படுபாவி ஜோசியன், இப்படி ஏமாத்திட்டானே!" என்று புலம்பினாள். பிறகு தம்பியின் அருகில் உட்கார்ந்து, அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அடுத்த தடவை நல்ல ஜோசியராப் பார்ப்போம்டா."

இறந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே பூவரசன், "சரிக்கா," என்றான்.