பின்மண்டபத்து வகுப்பு

விஜயகலா வாசிப்பதை நிறுத்திய பிறகும் அந்தச் சொல் நிற்கவில்லை.

"மேற்பார்வை" என்று முணுமுணுத்துவிட்டு, தாளின் மேல் குனிந்து அதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவளின் காதில், பின்சுவருக்கு அப்பாலிருந்து அதே சொல் இன்னொரு முறை வந்து விழுந்தது. யாரோ அதை வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. பழைய பங்களா, உயரமான கூரை, எதிரொலிக்கத்தான் செய்யும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். ஆனால் எதிரொலி உடனே வரும். இதுவோ, அவள் ஒரு வரி எழுதி முடித்த பிறகு வந்தது.

பலாங்கொடையிலிருந்து மேலே ஏறும் பஸ் கடைசியாக நின்று திரும்பும் இடத்தில் இருந்தது அந்தத் தேயிலைத் தோட்டம். துரைமார் வாழ்ந்த பங்களாவைக் கம்பெனி முதலில் பயிற்சி நிலையமாக்கியது, பிறகு அதையும் மூடிவிட்டது. முன்னறை அலுமாரிகளில் புத்தகங்கள் மட்டும் தங்கிவிட்டன. பல்கலைக்கழகத்தில் தற்காலிக விரிவுரையாளராக இருந்த விஜயகலாவுக்கு அந்தப் புத்தகங்கள் வேண்டியிருந்தன. தோட்ட நிர்வாகத்தைக் கற்பிக்கும் தோட்ட முகாமைத்துவம் என்ற புதிய பாடத்தைத் தமிழிலும் நடத்தப் பீடம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் உசாத்துணை நூல் ஒவ்வொன்றுக்கும் தமிழில் குறிப்புரை எழுதிய பட்டியல் திங்கட்கிழமை பீடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்த வருடம் தமிழில் பாடம் கிடையாது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அடுத்தவர் குறிப்புகளை இரவல் வாங்கி, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பட்டம் முடித்தவள் அவள். தனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளும் அப்படித் தட்டுத் தடுமாற வேண்டாம் என்று நினைத்தாள்.

புத்தகங்களை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. அதனால் 2006ஆம் வருடத்து ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு தினமும் காலையில் மேலே வந்தாள், மாலையில் கடைசி பஸ்ஸில் இறங்கினாள்.

பங்களாவைக் காவல் காத்தவர் நல்லையா. முதுகு லேசாக வளைந்த, அதிர்ந்து பேசாத மனிதர். பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் கதவோரத்திலேயே நிற்பார்.

"கொஞ்சம் சத்தமாவே வாசிங்களேன் மிஸ். கேக்க நல்லாருக்கு."

"எனக்கு விளங்கணும்னுதான் வாய்விட்டு வாசிக்கிறேன் அண்ணே. பழக்கம்."

"நல்ல பழக்கம் மிஸ்" என்றார் அவர். சொல்லும்போது அவர் பார்வை அவள் மேல் இல்லை, பின்சுவர் மேல் இருந்தது.

மறுநாள் அவள் வாய் திறக்கவில்லை. கண்ணால் மட்டும் வாசித்தாள். மழை தகரத்தில் இரைந்துகொண்டிருந்தது. ஈரக் கொழுந்தின் பச்சை வாசனையும், அதற்கு அடியில் கிணறு தோண்டும்போது கிளம்புகிற அடிமண்ணின் குளிர்ந்த நாற்றமும் கதவு இடுக்கால் ஊறி வந்து, புத்தகத் தாள்களில் படிந்து, அவள் விரல்களிலும் ஒட்டிக்கொண்டது. வெகுநேரம் வேறெதுவும் இல்லை. பிறகு பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு நகர்ந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆசிரியர் வாய் திறக்கக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போன வகுப்பின் அசைவு அது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். வகுப்பெடுக்கும் நாளெல்லாம் அவள் கேட்கிற சத்தம்தானே.

சோதித்துப் பார்க்க, மெதுவாகச் சொன்னாள். "ஊக்குவிப்பு."

அசைவு அடங்கியது.

"ஊ... க்கு... வி..."

ஒரு குரல் அல்ல. பல குரல்கள். எல்லாம் பெண்கள்.

நாற்காலி பின்னால் விழ எழுந்தாள். நல்லையா கதவோரத்தில் நின்றிருந்தார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது.

"பின்னால யாரு அண்ணே?"

அவர் மறைக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முந்திய வைகாசி மழையில், பின்மண்டபத்தில் பெண்களுக்கு வகுப்பு நடந்ததாம். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களை, வேலையை மேற்பார்க்கும் கங்காணியாக உயர்த்த நடந்த வகுப்பு. சுவர் வெடித்து, சேற்றுத் தண்ணீர் கசிந்தபோது அவர்கள் பயந்து எழுந்திருக்கிறார்கள். பாடம் முடியாமல் யாரும் எழும்பக் கூடாது என்று படிப்பிக்க வந்தவர் உட்கார வைத்திருக்கிறார்.

"மலை எறங்கிருச்சு மிஸ். கொஞ்ச பேரத்தான் எடுத்தாங்க. மறுபடி மண்ணு வரும்னு சொல்லி, பூசை வச்சு மண்டபத்தப் பூட்டிட்டாங்க. என் பொஞ்சாதி அழகம்மாவ எடுக்கல." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "எழுத்துக் கூட்டி வாசிக்க அவ்வளவு ஆசைப்பட்டா."

அன்றே அவள் கீழே போனாள். திரும்பி வரக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் பட்டியலில் ஒரு நூல் மிச்சம் இருந்தது, மேற்பார்வையாளருக்கான தமிழ்க் கைநூல். பட்டியலில் முழுக்கத் தமிழிலேயே எழுதப்பட்ட நூல் அது ஒன்றுதான். அது இல்லாமல் பட்டியலைக் கொடுத்தால் தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். காலையில் போய் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம், வாய் திறக்காவிட்டால் போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வழியில் மண் சரிந்து பஸ் தாமதமானது. மேலே போய்ச் சேர்ந்தபோது மத்தியானமே இருட்டியிருந்தது. மூடுபனி ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து அறைக்குள் தேங்கியிருந்தது. அலுமாரியில் கைநூல் இல்லை.

பின்னால் கதவு பூட்டும் சத்தம்.

"நல்லையா அண்ணே?"

சாவியை மடியில் செருகியபடி அவர் அவளைக் கடந்து நடையின் கோடிக்குப் போனார். கைநூல் அவர் கக்கத்தில் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மிஸ். அன்னைக்குப் பாடம் பாதியில நின்னுபோச்சு. முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க."

பின்மண்டபத்தைத் திறந்தார்.

அங்கே மண்டபம் இல்லை. மண் இருந்தது. ஜன்னல் மட்டம் வரைக்கும், மூன்று வருடமாகியும் காயாத சிவந்த மண், வாசலில் ஒரு சுவர்போல நின்றது. நல்லையா புத்தகத்தை விரித்து அவள் கையில் திணித்தார்.

"இங்கேருந்து, மிஸ்."

அவள் வாசிக்கவில்லை.

மண் விழுங்கியது. தொண்டைக்குள் எச்சில் இறங்குவதுபோல ஒரு சத்தம். வாசற்படியைத் தாண்டி ஒரு நாக்கு மண் வழிந்து வந்து அவள் கால்விரலைத் தொட்டது. குளிரவில்லை. உடம்புச் சூடு.

"க... கடமைகள்" என்றாள்.

மண் நின்றது. அதன் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் திறந்தன. வரிசையாக. ஒரு பெஞ்சுக்கு இத்தனை பேர் என்று உட்கார்ந்த வரிசை. குழிகளுக்கு உதடுகள் இருந்தன.

"க... ட... மை..."

நல்லையா மண்மேல் ஏறிக் குப்புறப் படுத்து, முன்வரிசைக் குழி ஒன்றில் காதை வைத்தார். அவர் சிரித்தார்.

"அழகம்மாதான் மிஸ். நிப்பாட்டாதீங்க. எழுத்துக் கூட்டுறா!"

வாசித்தாள். மூச்சு வாங்க நிறுத்தியபோது மண் கணுக்காலுக்கு வந்தது. மறுபடி வாசித்தாள். பக்கம் திருப்பினாள். கீழே பாதையில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. அது தூரமாகித் தேய்ந்தது. குரல் கட்டியது. குழிகளின் தடுமாற்றம் குறைந்துகொண்டே போனது. எழுத்தெழுத்தாகச் சொன்னவை சொல் சொல்லாகச் சொல்லின. பிறகு வரி வரியாக.

"மேற்பார்வையாளர் சொல்லும்வரை எவரும் தம் இடத்தைவிட்டு எழக்கூடாது."

எல்லா வாய்களும் அதைப் பிழையில்லாமல் சொல்லின. சேர்ந்து. உரக்க.

பாடத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. அவள் கண் அதற்குப் போனது. படித்தது.

வாயை மூடிக்கொண்டாள்.

மண் முழங்காலுக்கு ஏறியது. பல்லைக் கடித்தாள். மாட்டேன். தொடைக்கு ஏறியது. மாட்டேன். புத்தகத்தை மூடினாள். நெஞ்சோடு இறுக்கினாள். சத்தமே இல்லை. மழைகூட இல்லை.

அப்போது நல்லையாவின் காதுக்கு அடியிலிருந்த வாய் திறந்தது. தடுமாறவில்லை. எழுத்துக் கூட்டவில்லை. விஜயகலாவின் குரலில், வகுப்பை முடிக்கும்போது அவள் பேசுகிற அதே தொனியில், அவள் வாசிக்காத வரியைச் சொன்னது.

"பாடம் முடிந்தது. எல்லோரும் எழலாம்."

மண் வெடித்தது. முதலில் வந்தவை கைகள். பதில் தெரிந்த பிள்ளைகள் தூக்குவதுபோல நிமிர்ந்த கைகள். முன்வரிசை. அதற்குப் பின்வரிசை. இருட்டுக்குள் இன்னும் பின்னால். ஒரு கை மட்டும் வளைந்து நல்லையாவின் கழுத்தைச் சுற்றி அணைத்து, அவர் முகத்தை மெதுவாகச் சேற்றுக்குள் அழுத்தியது. அவர் திமிறவில்லை.

மற்றக் கைகள் எல்லாம், விரல்களில் மண் சொட்ட, அவள் பக்கம் திரும்பின.