தொட்டி என்று எழுதிய அறை

மண் பொய் சொல்லாது என்பது தொல்லியல் ஆய்வாளர் மேடைதோறும் முழங்கிவந்த வாக்கியம். அதனால்தான் இந்த முறை மண்ணுக்கும் சேர்த்து அவரே பொய் சொல்லவேண்டியதாயிற்று.

அடுக்குமாடி எழவிருந்த மனையில், இடித்த பழைய கட்டடத்துக்கும் கீழே, இரண்டு ஆள் ஆழத்தில் ஓர் அறை கிடைத்திருந்தது. நாலு சுவர், மண்தரை; வாசல் மட்டும் இல்லை. சுவரோரமாகத் தரை தேய்ந்து தடமாகியிருந்தது, உள்ளே யாரோ காலமெல்லாம் சுற்றிச்சுற்றி நடந்த மாதிரி. அறிக்கையில் அறை என்று எழுதினால் கட்டட வேலை நின்றுபோகும். கட்டுகிறவரோ ஆய்வாளருடைய மனைவியின் தம்பி. மூன்றாம் மாடியில் அக்காவுக்கு ஒரு வீடு என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஆய்வாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு "தண்ணீர்த் தொட்டி" என்று எழுதினார். மறுநாள் காலை படம் எடுத்ததும் கான்கிரீட் ஊற்றலாம். படத்தில் தேய்மானம் தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

அன்று காலையிலேயே கூலிப் பெண்கள் தரையைச் சுரண்டி மட்டமாக்கியிருந்தார்கள். மதியம் சாப்பிட்டுத் திரும்பினால், நடுத்தரையில் ஒரு வெறுங்கால் தடம். ஒன்றே ஒன்று.

"தொட்டின்னு சொன்னீங்களே சார், யாராவது குளிக்க வந்திருப்பாங்க" என்றாள் அவர்களில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தியும் ஏணியில் கால் வைக்கவில்லை.

படித்தவனுக்கு ஏது பயம் என்று அவர்களை அனுப்பிவிட்டு, ஷூவை மேலே கழற்றிப்போட்டுக் காலுறையோடு ஆய்வாளரே இறங்கினார். எதிர்மூலையில் தொடங்கி, பின்னாலேயே நகர்ந்து, ஏணியில் வந்து முடிக்கவேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் நாள் பாடம். பேசிப்பேசியே கொத்துக்கரண்டி பிடிக்க மறந்துபோன ஆய்வாளர் ஏணியடியில் தொடங்கினார்.

மேலே கட்டிய நீலத் தார்ப்பாய் வழியாகச் சாயங்கால வெளிச்சம் கலங்கிய நீர்போல இறங்க, தெருவின் ஹாரன் சத்தம் ஒவ்வொன்றாக அடங்க, ஈரமண்ணின் வாடைக்கு அடியில் நெடுநாள் மூடிவைத்த போர்வையின் வாடை ஒன்று மெல்ல எழும்ப, அவர் குனிந்தபடியே சுரண்டிக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தார். முதுகில் சுவர் இடித்தது. கரண்டியை நிறுத்தினார். சுரண்டும் சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு நின்றது.

எதிரொலி, என்று தனக்கே விளக்கினார்.

மனைவி போன் செய்தாள். மூலையில் மாட்டிக்கொண்டதைச் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

"ஒருநாளாவது வீடு துடைச்சிருந்தா இப்படி மாட்டுவீங்களா? மிதிச்சிட்டு வாங்க."

"மிதிச்சா மறுபடி முதல்லேருந்து சுரண்டணும். நாளைக்குப் படம் எடுக்கலைன்னா நம்ம வீடு போச்சு."

"அப்ப அசையாம நில்லுங்க. தம்பிகிட்ட ஒரு பலகை கொடுத்தனுப்பறேன்."

நின்றார். தரை பளிங்குபோல் கிடந்தது.

ஏணியடியில் மண் அமுங்கியது. ஐந்து விரல். குதிகால். அதன் முன்னால் இன்னொன்று. பக்கத்தில் ஆளில்லை. நிழல்கூட இல்லை. மண் மட்டும் சத்தமில்லாமல் பள்ளமாயிற்று.

தடம் அவரை நோக்கி நேராக வரவில்லை. சுவரோரமாகவே போயிற்று. அவர் சுரண்டி அழித்த அதே வழி. முதல் மூலையில் திரும்பியது. அடுத்த மூலை அவருடையது.

ஓடியிருக்கலாம். ஓடினால் தரை போகும். வீடு போகும். அந்தக் கணக்கிலேயே நேரம் போயிற்று.

மேலே கார்க் கதவு சாத்திய சத்தம். "அத்தான், பலகை கொண்டாந்திருக்கேன். எங்க போடட்டும்?"

தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் மேலே ஆட்டினார்.

ஒரு தடம். இன்னொன்று. அவர் காலுக்கு எதிரே இரண்டும் சேர்ந்து நின்றன. போர்வை வாடை முகத்தில் அடித்தது. பிறகு ஒரு கால்விரல், சில்லென்று, அவருடைய வெறும் தோலைத் தொட்டது.

காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தது.