ஒரு விரலில் ஏறும் கட்டில்

அன்று காலை கட்டில் ஒரு விரலுக்கு எழும்பவில்லை.

சுயம்பு முதலில் தன் விரலைத்தான் சந்தேகித்தார். அறுபத்தெட்டு வயதாகிறது. உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்கினார், அசைந்தது. இரண்டு கைகளையும் கொடுத்தபோது மெல்ல எழும்பி, பாதியில் தயங்கி, பிறகு சுவரில் பதித்திருந்த தன் பெட்டிக்குள் போய்ப் படிந்தது. கொக்கி விழுந்தது. இப்போது வெளியே தெரிந்தது வால்நட் நிறத்தில் ஓர் அலமாரியின் முகம் மட்டும்தான். கட்டில் கிடந்த இடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து பேசலாம்.

அதற்காகத்தான் அதை வாங்கியது. பார்வதிபுரத்தில் நான்காம் மாடியில் மகள் நந்தனாவும் மருமகன் அபினேஷும் பிடித்திருந்த வாடகை வீட்டில் ஒரு கூடம், ஒரு சிறிய அறை, ஆள் திரும்பினால் இடிக்கும் சமையலறை, அவ்வளவுதான். ஊரில் சீராகக் கொடுக்கும் தேக்குக் கட்டில் லிஃப்டில் ஏறாது, வாசலிலும் நுழையாது. நந்தனாதான் போனில் படங்களைக் காட்டினாள்: சுவரோடு மடங்கும் கட்டில், விரித்தால் நான்கு பேர் சாப்பிடும் மேசை, அடியில் துணி வைக்கும் இருக்கைகள். புதிதாக வாங்கினால் என்ன விலை என்று விசாரித்து வந்த சுயம்பு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

தக்கலைச் சாலையில் யூஜின் என்பவனுடைய மரச்சாமான் கடைக்குப் பின்னால் ஒரு கிட்டங்கி இருந்தது. சீராகப் போய், ஏதோ காரணத்தால் திரும்பி வந்த சாமான்கள் அங்கே பிளாஸ்டிக் உறைக்குள் நிற்கும். பாதி விலை. அங்கே நின்ற இந்தக் கட்டிலில் ஒரு கீறல் இல்லை. காரின் டிக்கிக் கதவைத் தாங்குவது போன்ற இரண்டு கறுப்புத் தண்டுகள் அதைத் தாங்கின.

"ஒரு வெரலு போரும் அண்ணாச்சி," என்று யூஜின் தூக்கிக் காட்டினான். "ஒரு மாசம்கூடக் கெடக்கல்ல. ஆனா ஒரு காரியம் ஒங்ககிட்ட சொல்லணும்."

சுயம்பு கையைக் காட்டி நிறுத்தினார். "யாருது, எந்த ஊரு, ஒண்ணும் எனக்குத் தெரியண்டாம். தெரிஞ்சா நான் பொய் சொன்னவனாவேன். தெரியாட்டி இது புதுசு."

கொச்சியில் சொல்லிச் செய்தது என்று சம்பந்தி வீட்டில் சொன்னார். சொல்ல வேண்டியிருந்தது. நிச்சயத்தன்று அபினேஷின் அம்மா செல்லக்கனி, பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்கும்படி சொல்லியிருந்தாள்: "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். தாறது புதுசா இருந்தாப் போரும். இன்னொருத்தி படுத்த கட்டில்ல எம் மருமவ படுக்கப்பிடாது."

"அந்தப் பேச்சுக்கே எங்க குடும்பத்துல எடமில்ல," என்றார் சுயம்பு. அதில் பொய்யும் இல்லை. அவருடைய மூன்று தங்கைகளும் வார்னிஷ் வாசம் போகாத சாமான்களோடுதான் புகுந்த வீட்டுக்குப் போனார்கள்.

இருபது நாள் விடுப்பு முடிந்து அபினேஷ் மஸ்கட்டுக்குப் போனதும், பெண் தனியாக இருக்கக் கூடாது என்று சுயம்பு வந்து சிறிய அறையில் தங்கினார். மனைவி இறந்த பிறகு ஊர் வீட்டில் அவருக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. நந்தனா கூடத்தில் அந்தக் கட்டிலில் படுத்தாள். காலையில் அதை மடக்குவது அவர் வேலை.

மறுநாள் இன்னும் கனத்தது.

நாற்பது வருடம் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்தவர் அவர். குலையைக் கையில் தூக்கி எடை சொன்னால், தராசு பிறகு அதை ஒப்புக்கொள்ளும். கை பொய் சொல்லாது என்பது சந்தையில் அவருக்கு இருந்த பெயர். அந்தக் கை இப்போது சொன்னது: முதல் நாள் பத்து கிலோ. அடுத்த நாள் இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை நாற்பது. திங்கட்கிழமை ஐம்பது. அதோடு நின்றுவிட்டது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வளர்ந்து முடிந்த ஒரு பொருளின் எடை.

மெத்தையை உருவிப் பார்த்தார். சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். தண்டுகளுக்கு எண்ணெய் விட்டார். ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் தலையை விட்டபோது வாசனை மட்டும் வந்தது: தலையில் வைத்த பிச்சிப்பூவை எடுக்காமல் குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டு, நாட்கணக்கில் மறந்துவிட்டால் வருமே, அந்தப் புளித்த இனிப்பு வாசனை. ஒன்றரைச் சாண் ஆழமுள்ள அந்தப் பெட்டியின் உட்பலகை மட்டும் மற்றப் பலகைகளைவிட ஒரு நிறம் வெளுத்திருந்ததையும் அப்போதுதான் கவனித்தார். அதை மட்டும் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

"இந்தச் சவத்தத் தூக்க ஒரு ஆளு போராதுப்பா," என்றாள் நந்தனா. "கேரண்டி இருக்கும்லா? கொச்சிக்காரன் நம்பரத் தாருங்க, நான் விளிச்சு நாலு கேள்வி கேக்கேன்."

"நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க எங்க பாக்கப் போறிய? பேசாம இத வித்துட்டு, ரெண்டு பாயி வாங்கிருவோம்."

"சீரா வந்தத விக்கவா? ஒம் மாமியா கேட்டா என்ன சொல்ல?"

"பாயி புதுசுன்னு சொல்லுங்க," என்று சிரித்துக்கொண்டே அவள் சமையலறைக்குப் போனாள்.

புதன்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கரண்டு போயிருந்தது. வேளிமலைப் பக்கமிருந்து இறங்கிய இருட்டு ஜன்னல் வழியே வந்து கூடத்தின் பாதியை மூடியிருந்தது. சமையலறையில் நந்தனா மீன் பொரிக்கும் சத்தமும், பால்கனித் தகரத்தில் விழும் மழைச் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து எது எது என்று தெரியாமல் இரைந்துகொண்டிருக்க, மடக்கிய கட்டிலின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, சுயம்பு கண்ணை மூடியிருந்தார். மூன்று தட்டு கேட்டது. விரல் முட்டியால் அல்ல, கையை மடக்க இடமில்லாத ஒருவர் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்டுவதுபோல.

"அப்பா."

"என்ன மக்கா?"

"நான் விளிக்கல்லயே," என்று சமையலறையிலிருந்து நந்தனா சொன்னாள்.

அவர் எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்தார். மீன் பொரியும் வாசனையைத் தாண்டிப் பிச்சிப்பூ வந்தது.

வியாழக்கிழமை காலை செல்லக்கனி போன் செய்தாள். நாலு மணிக்கு வருகிறாளாம். சுயம்பு சட்டையை மாட்டிக்கொண்டு நேரே தக்கலைக்குப் பஸ் ஏறினார்.

யூஜின் அவரைக் கிட்டங்கிக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினான். "அண்ணைக்கே சொல்ல வந்தேன். நீங்க கையக் காட்டுனிய."

"இப்பச் சொல்லு."

"மாப்பிள்ள வெளிநாடு. பிள்ள தனியா. ஒருநாளு காணல்ல. அப்பன்காரரு வந்து பாத்தாரு. வீடு சும்மா கெடக்கு, கட்டிலு மடக்கிக் கெடக்கு. மவ எவன்கூடயோ போயிட்டான்னு நெனச்சுட்டாரு. மானம் போவும்லா? மாப்பிள்ளகிட்டப் போயாச்சுன்னு எல்லார்ட்டயும் சொல்லி, வீட்டப் பூட்டிட்டுப் போனாரு. உள்ள சத்தம் கேக்குன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னதுக்கு, எலியா இருக்கும்னாராம். பிள்ள படுத்துக் கெடக்கும்போ கட்டிலு தானா மடங்கி, கொக்கி விழுந்திருக்கு."

"எத்தன நாளு?"

"அது கேக்காதிய."

"உள்பலக..."

"மாத்திட்டேன். பழச வைக்கக் கொள்ளாது."

"ஏன்?"

யூஜின் தன் விரல் நுனிகளைப் பார்த்தான். "நகம்," என்றான்.

சுயம்பு பக்கத்தில் நின்ற அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "இண்ணைக்கே எடுத்துரு," என்றார்.

"வண்டி சும்மாதான் நிக்கி. மூணரைக்கு ஆளு வருவான்."

"மூணரைக்கு வேண்டாம். நாலு மணிக்குச் சம்மந்தி வாறா. அவ போன பொறவு, இருட்டுனப்பொறவு அனுப்பு. யாரும் பாக்கப்பிடாது."

"அண்ணாச்சி, நீங்க..."

"இருட்டுனப்பொறவு."

பஸ் ஸ்டாண்டில் நின்று மகளுக்குப் போன் செய்தார். "கட்டில எறக்காத மக்கா."

"என்னத்துக்கு? தல வலிக்கு, செத்த படுக்கலாம்னு பாத்தேன்."

காரணம் நாக்கு வரை வந்தது. அதற்குப் பின்னால் கொச்சி வந்தது, நிச்சயப் பந்தி வந்தது, செல்லக்கனியின் முகம் வந்தது. "சம்மந்தி வாறால்லா. கூடம் சுத்தமா இருக்கட்டும். பொறவு படு. பாலு இருக்கா?"

"இல்ல. போயி வாங்கிட்டு வாறேன்," என்றாள் நந்தனா.

பஸ் புலியூர்க்குறிச்சியில் அரை மணி நேரம் நெரிசலில் நின்றது. அவர் வந்து சேர்ந்தபோது லிஃப்ட் வாசலில் குடையும் கையுமாகச் செல்லக்கனி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாகவே மேலே போனார்கள். தன் சாவியால் கதவைத் திறந்தார். வீட்டில் சத்தம் இல்லை. கட்டில் மடங்கியிருந்தது. சுயம்பு மூச்சை விட்டார்.

"மருமவ எங்க?"

"பாலு வாங்கப் போயிருக்கா. இப்ப வந்துருவா."

செல்லக்கனி குடையைச் சுவரில் சாத்திவிட்டுக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மேசையைத் தொட்டாள். இருக்கையின் மூடியைத் திறந்து மூடினாள். பிறகு வால்நட் பலகையின் முன்னால் வந்து நின்றாள். "அழகாத்தான் இருக்கு. எறக்கிக் காட்டுங்களேன்."

"கீலுக்கு எண்ண போட்டிருக்கு. சேலையில ஒட்டும்." சொல்லிக்கொண்டே சுயம்பு பலகைக்கும் அவளுக்கும் நடுவே வந்து, முதுகைச் சாய்த்து நின்றார்.

முதுகில் தட்டு விழுந்தது.

தோள்பட்டை உயரத்தில். உள்ளங்கையின் அடிப்பாகம். மூன்று.

அவர் இருமினார். மழையைப் பற்றிப் பேசினார். அபினேஷ் எப்போது போன் செய்தான் என்று கேட்டார். மறுபடியும் மூன்று.

"அது என்ன சத்தம்?"

"மேல் வீட்டுல வேல நடக்கு."

"அப்பா," என்றது பலகைக்குப் பின்னால், மெத்தையில் அமுங்கிய குரல்.

அவளுடையது. அந்தப் பெண்ணுடையது. நேற்றும் இப்படித்தான். என் பிள்ளை பால் வாங்கப் போயிருக்கிறாள். இது என் பிள்ளை இல்லை. இன்னும் இரண்டு மணி நேரம். இருட்டிவிடும். வண்டி வந்துவிடும்.

"தண்ணி குடிக்கணும்," என்று செல்லக்கனி சமையலறைக்குள் போனாள். அங்கிருந்து அவள் குரல் வந்தது: "பாலு இங்க ரெண்டு கவரு கெடக்கே சம்மந்தி. வேர்த்து வழியுது. இப்ப வாங்குனதுலா?"

சுயம்பு சமையலறை வாசலைப் பார்த்தார்.

பால் இங்கே இருக்கிறது.

தலை வலிக்கிறது, படுக்க வேண்டும் என்றாள்.

முதுகுக்குப் பின்னால் இப்போது தட்டு இல்லை. சுரண்டல். மெதுவாக. நெற்றியில் காலையில் இட்ட வெள்ளை நாமம் வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கியது. திரும்ப வேண்டும். கொக்கியை எடுக்க வேண்டும். ஒரு நொடி வேலை. கை எழும்பியது.

செல்லக்கனி தம்ளரோடு வந்து அவருக்கு எதிரே நின்றாள்.

"ஒண்ணு கேக்கேன், தப்பா எடுக்காதிய. தக்கலையில ஒரு கடையில இதுபோல கட்டிலு ஒண்ணு நிண்ணதுன்னு எங்க ஊருக்காரி சொல்லுதா. திரும்பி வந்த சாமானாம். நான் அவள ஏசி விட்டுட்டேன். ஆனாலும் ஒங்க வாயால கேக்கணும்லா. இது புதுசுதானே?"

"அப்பா."

ஒரே ஒரு தட்டு.

சுயம்பு முதுகை நிமிர்த்தினார். பலகை அழுந்தியது.

"புதுசு," என்றார்.

அதன் பிறகு உள்ளே ஒன்றும் கேட்கவில்லை.

செல்லக்கனி கால்மணி நேரம் இருந்தாள். மருமகளைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கதவு சாத்திக்கொண்டது. லிஃப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. சுயம்பு திரும்பிக் கொக்கியை எடுத்தார்.

கட்டில் அவர் கைகளில் வந்து விழுந்தது. முழங்கால் மடங்கியது. நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினார். கை எடை சொன்னது. வேண்டாம் என்று அவர் நினைப்பதற்குள் சொல்லிவிட்டது.

நூறு.

பாதி இறங்கிய கட்டிலின் ஓரத்தில் ஒரு கை சரிந்து தொங்கியது. கல்யாணத்துக்கு அவர் போட்ட இரட்டை வளையல். அந்தக் கையை இன்னொரு கை விரலோடு விரல் கோத்துப் பிடித்திருந்தது. மெலிந்த கை. நகமில்லாத ஐந்து விரல்கள்.

அழைப்பு மணி அடித்தது.

"சம்மந்தி, குடைய மறந்துட்டேன். கதவத் தொறங்க."

சுயம்பு கதவைப் பார்த்தார். வளையலைப் பார்த்தார். அவருடைய கைகள் அவரைக் கேட்காமல் கட்டிலை மேலே தள்ளின.

இந்த முறை அது கனக்கவே இல்லை. ஒரு விரல்கூட வேண்டியிருக்கவில்லை. உள்ளேயிருந்து இழுத்துக்கொண்டார்கள். இரண்டு கைகளும் பலகைக்குப் பின்னால் போயின.

கொக்கி விழுந்தது.