பதில்வாய்

கோதண்டத்தின் தொண்டைக்குழியில் ஒட்டியிருந்த பொட்டளவு மின்வில்லை சில நாளாகவே அவன் பேச்சைக் குடித்துக்கொண்டிருந்தது. டீக்கடையில் அடித்த அரட்டை, மேஸ்திரியிடம் குழைந்தது, தூக்கத்தில் உளறியது, எல்லாம் அதற்குத் தீனி. வயிறு நிறைந்ததும் அது அவனுக்குப் பதிலாகப் பேசும் பதில்வாய் ஆகிவிடும்.

சினிமாவுக்குக் கதை சொல்ல இப்போது ஆள் போவதில்லை. தயாரிப்பாளர் எதிரே உட்கார்ந்து, கையை ஆட்டி, நடித்துக் காட்டி, வாயாலேயே முழுப் படத்தையும் ஓட்டும் வழக்கம் மட்டும் அப்படியே இருந்தது. உட்காருவது எழுத்தாளனின் உருவத்தையும் குரலையும் அணிந்த இயந்திரம், அதுதான் பதில்வாய். ஒரே நேரத்தில் பத்து அலுவலகத்தில் உட்காரும், சலிக்காது. அது இல்லாதவனை வாசற்படிகூட ஏற்ற மாட்டார்கள். அதைக் கொடுப்பதோ முகவர் நிறுவனம். கட்டட வேலையில் சென்டரிங் பலகை தூக்கிக் காய்த்த தோளோடு, ஒரு கதையையும் சுமந்து வருஷக்கணக்காக அலைந்த கோதண்டம், போன வாரம் வாசலில் வில்லையை ஒட்டிக்கொண்டு, இன்றுதான் அவர்களின் கண்ணாடி அறைக்குள் வந்திருந்தான்.

"கதை ஜோரா இருக்கு சார்," என்றாள் முகவர் தர்ஷினி.

அவனை யாரும் சார் என்றதில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு வெளியே அவன் பெண்டாட்டி பூங்காவனம் வந்து நின்றாள். வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். புடவைமேல் அவனுடைய பழைய சட்டை, சட்டைமேல் சிமெண்டு. அவன் மறந்துவிட்டு வந்த சோத்து டப்பாவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

"யாரு சார் அது?"

நாக்கு முந்திக்கொண்டது. "யாருன்னு தெரியலைங்க," என்று லேசாகச் சிரித்தான். "சைட்டு ஆளா இருக்கும்."

வில்லை பச்சையாக மின்னியது. கற்று முடித்துவிட்டது என்று அடையாளம்.

பூங்காவனம் டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். தடிமனான கண்ணாடி, அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. ஆனாலும் அந்த டப்பாவை அன்று அவன் திறக்கவில்லை.

கதை சொல்லும் நாளில் அவளையும் கூட்டிவந்தான். கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு தர்ஷினியின் அறைத் திரைமுன் உட்கார்ந்தாள். திரையில், தயாரிப்பாளர் எதிரே, இன்னொரு கோதண்டம் கதை சொன்னான். சாரத்திலிருந்து விழுந்து செத்தவனை மேஸ்திரி மறைக்கப் பார்க்கிறான். ஒரு சித்தாள் கம்பி கட்டிய தளத்தின்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, செத்தவன் பேரை வெளியில் சொல்லாமல் கான்கிரீட் கொட்டவிட மாட்டேன் என்கிறாள்.

பூங்காவனம் அவன் கையைக் கிள்ளினாள். "யோவ், இது நான்ல?"

"நீதான்."

தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொம்பளை நெஜமாவே இருக்காங்களா? அவங்களப் பாக்கணுமே!"

பதில்வாய் லேசாகச் சிரித்தது. "யாருன்னு தெரியலைங்க. சைட்டு ஆளா இருக்கும்."

கோதண்டம் துள்ளி எழுந்தான். "மேடம், நிறுத்துங்க! அது தப்பா சொல்லுது."

"அதுக்குத் தப்பா சொல்லத் தெரியாது சார். நீங்க எப்படிச் சொல்வீங்களோ அப்படித்தான் சொல்லும்." தர்ஷினி முகமெல்லாம் சிரிப்பாகக் கை நீட்டினாள். "எல்லா ஆபீஸ்லயும் இதே கேள்விதான் கேக்கறாங்க. கதை ஜெயிச்சுடுச்சு சார்!"

நீட்டிய கையை அவன் பார்க்கவில்லை. பூங்காவனம் பட்டின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். திரையில் அந்தச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

"நல்லா பேசுதுய்யா," என்றாள், அவன் பக்கம் திரும்பாமல். "அப்படியே நீதான்."