சராசரி பத்து சதவீதம்

"என் பணத்துல இருபத்திநாலாயிரம் எங்க போச்சு மேடம்?"

முத்தியால்பேட்டையில் அந்தச் சின்னப் பங்கு வர்த்தக அலுவலகத்துக்குள் மழையோடு மழையாக நுழைந்தவன் கேட்ட முதல் கேள்வி இதுதான். தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கையில் ஒரு நனைந்த தாள். பெயர் இனியவன் என்று கணினி சொன்னது. பெயர் வைத்தவர்கள் இவன் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள் சுடர்விழி.

"போட்டது ஒரு லட்சம். மொத வருஷம் அறுபது பர்சென்ட் ஏறுச்சு. அடுத்த வருஷம் நாப்பது எறங்குச்சு. மிச்சம் இருபது, சராசரி வருஷத்துக்குப் பத்து. ஒரு லட்சத்து இருபதாயிரம் இருக்கணும். தொண்ணூத்தாறுதான் இருக்கு. மீதிய உங்க ஆபீஸ் முழுங்கிடுச்சா?"

"ஏறுனது ஒரு லட்சத்துக்கு சார். எறங்குனது ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு. அதுல நாப்பது பர்சென்ட்னா அறுபத்திநாலாயிரம்... கழிச்சுப் பாருங்க. பேங்க்ல ஏழு பர்சென்ட்டுக்குப் போட்டிருந்தாலே ஒரு லட்சத்து பதினாலாயிரம் வந்திருக்கும்."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். அவன் முகம் கறுத்தது.

வேலை முடிந்து வெளியே வந்தால், வாசல் கூரையடியில் அவனேதான் நின்றுகொண்டிருந்தான். மழை விடுவதாக இல்லை. அரை மணி நேரம்... பக்கத்தில் பக்கத்தில்.

"தட்டாஞ்சாவடி கம்பெனில சூப்பர்வைசர் நான். நாப்பது பேருக்குச் சம்பளக் கணக்குப் போடுறேன். என்னப் போயி..."

"அவங்க பாவம்."

சிரிக்கக் கூடாது என்று பார்த்தான், முடியவில்லை. சிரித்தபோது அந்தக் கண்கள் வேறு ஆளுடையவை போல இருந்தன. வீராம்பட்டினத்திலிருந்து தினமும் கூடையோடு பஸ் ஏறி மீன் விற்கவரும் அம்மாவைப் பற்றிச் சொன்னான். சின்னதாய் ஒரு லோடு ஆட்டோ வாங்க ரெண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கிறாளாம்.

"அதுல மட்டும் கை வெக்காதீங்க" என்றாள். பிறகு, "உள்ள கத்துனதுக்கு ஒரு ஸாரி சொல்லலாம்."

"நீங்க சிரிச்சதுக்கு?"

இருவருமே சொல்லவில்லை. மழை விட்டது. அவன் போய்விட்டான். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. காரணம் அவளுக்கே தெரிந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் அலுவலகத் தொலைபேசியில் அவன் குரல். ஸாரி சொல்லத்தான் என்று நினைத்தாள். ஆனால் அவன் சொன்னது ஒரு பங்கின் பெயர்தான். ஐநூறு பங்கு, நானூறு ரூபாய்க்கு.

ரெண்டு லட்சம். திரையில் பார்த்தாள். பணம் அன்று காலைதான் வந்திருந்தது.

வாடிக்கையாளர் சொன்னதைத் திருப்பிப் படித்துக்காட்டி ஒப்புதல் வாங்குவது அங்கே வழக்கம். படித்தாள். அவன் பேசாமல் இருந்தான். அவளும் பேசாமல் இருந்தாள். ஸாரி சொல்லட்டும், நானும் சொல்கிறேன்... என்று அடம்பிடித்தது மனசு.

"வாங்கலாமா சார்?"

"வாங்குங்க."

மூன்று மாதத்தில் அந்தப் பங்கின் விலை பாதியாகிவிட்டது.

அவன் வந்தபோது மழை இல்லை, வெயில் கொளுத்தியது. ஆள் இளைத்திருந்தான். விற்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

"உன் கணக்கு தப்புன்னு காட்டணும்னுதான் அம்மாகிட்டக் கூடச் சொல்லாம போட்டேன். போன்ல ஒரு வார்த்த வேணாம்னு சொல்லுவியான்னு காத்துகிட்டு இருந்தேன் சுடர். சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன். தெனமும் உன் நெனப்புதான்..."

எத்தனை நாள் ஏங்கிய சொல் அது. இப்போது கேட்கக் கசந்தது.

"அது உங்கம்மா பணம்னு எனக்குத் தெரியும். நீங்க மொதல்ல எறங்கி வரணும்னு இருந்துட்டேன். வாங்க, அவங்ககிட்ட நானே சொல்றேன்."

மார்க்கெட்டில் அவன் அம்மா தனம் சங்கரா மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்கள். தனம் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒருத்தர ஒருத்தர் ஜெயிக்கிறதுக்கு என் பணந்தான் கெடச்சுதா ஒங்களுக்கு?"



"எனக்கு இவர ரொம்பப் புடிக்கும்மா" என்றாள் சுடர்விழி. கண்ணீர் வந்துவிட்டது. "அன்னிக்கே புடிச்சிருந்திச்சு."

தனம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புடிச்சிருந்தா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பியேம்மா."

சொல்லிவிட்டு, விலை கேட்டு நின்ற ஆளிடம் திரும்பிவிட்டாள்.