நூறு அடிக்கு ஒரு முறை

இரண்டு நாள் விடாமல் கொட்டிய பனி மூன்றாம் நாள் காலை நின்றது. சாலை மூடிவிட்டதால், சறுக்க வரும் வெளிநாட்டு விருந்தாளிகள் வரவில்லை. குபானும் நானும் பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலுக்கு வந்து பனியில் சறுக்கும் ஸ்கீ பலகைகளை மாட்டினோம். துருப்பிடித்த இரும்புக் கதவு பாதி புதைந்து கிடந்தது.

"யாரும் மிதிக்காத பனிடா, மெலிஸ். விருந்தாளி வந்தா நல்ல சரிவெல்லாம் அவனுங்களுக்குத்தான். இன்னிக்கு நமக்கு" என்றான் குபான்.

"உன் தொப்பைய எந்தச் சரிவு தாங்கும்?"

"அது முன்னாடி போய் வழி போடும். நீ பின்னாடி சொகுசா வா."

பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு ஏறினோம். முழங்கால் ஆழத்துக்குப் பொடிப்பனி. முன்னால் போகிறவன் தடம் வெட்ட வேண்டும்; பின்னால் வருகிறவனுக்குப் பாதி உழைப்புதான். நூறு அடி வெட்டியதும் முன்னால் போனவன் ஒதுங்கி நிற்பான். மற்றவர்கள் கடந்ததும் கடைசியில் சேர்ந்துகொள்வான். எங்கள் அப்பாக்கள் சுரங்கச் சுவரை வெட்டியதும் இப்படித்தான். தன் முறையை அடுத்தவன் தலையில் கட்டியவனோடு யாரும் சாப்பாட்டுக்கு உட்கார மாட்டார்கள். உச்சியிலிருந்து இறங்கும்போதும் அதே வரிசைதான். முதலில் இறங்குகிறவன், பனி தாங்குமா என்று தன் உயிரை வைத்துப் பார்க்கிறான்.

போன வருடம் மூன்று பேராக ஏறினோம். மூன்றாவது ஆள் குபானின் தம்பி எர்மெக். மேலே உள்ள சரிவு உடைந்து அவனை மூடியது. குபான் அப்போது கீழே நின்று, அறுந்த பட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் ஓடி வந்தபோது, "நான் சொல்லச் சொல்லக் கேக்காம இறங்கிட்டான்டா" என்றேன்.

குபான் நம்பினான். செத்த தம்பிமேல் அவனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வியாழக்கிழமைகளில் எங்கள் ஊரில் செத்தவர்களுக்காக எண்ணெய் காயவைத்து மாவுத்துண்டு பொரிப்போம். அந்த வாசனைதான் அவர்களுக்குச் சாப்பாடு. எர்மெக்குக்காக அந்த வீட்டில் ஒரு தடவைகூட எண்ணெய் காயவில்லை.

பாதி ஏற்றத்தில் மேகம் இறங்கியது. என் ஸ்கீயின் முனையே எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும்தான். சர்ர். சர்ர்.

நூறு எண்ணி ஒதுங்கினேன். குபான் கடந்து போனான். அவன் பின்னால் சேர்ந்தேன். அவனும் நூறு வெட்டிவிட்டு ஒதுங்கி நின்றான்.

"உன் முறை" என்றான், இரைக்க இரைக்க.

அவனைத் தாண்டிக் காலை வைத்தேன். முழங்காலில் முட்ட வேண்டிய பனி முட்டவில்லை.

தடம் வெட்டியிருந்தது.

எனக்கு முன்னால், வெள்ளைக்குள், சர்ர். சர்ர்.

"குபான்... எங்கடா இருக்க?"

"உன் முதுகுக்குப் பின்னாடிதான். ஏன், தூக்கிட்டுப் போகணுமா?"

நடந்துகொண்டே எண்ணினேன். சரியாக நூறில் முன்னால் கேட்ட சத்தம் நின்றது.

தடத்தின் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஏதோ ஒதுங்கி நின்றது.

தலையைத் திருப்பாமல் கடந்தேன். ஈரக் கம்பளி வாசனை. மலிவான புகையிலை வாசனை. குபானும் நானும் புகைப்பதில்லை.

அடுத்த அடியில் பனி முழங்காலில் மோதியது. இப்போதுதான் என் முறை.

நூறு வெட்டி ஒதுங்கினேன். குபான் கடந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொன்றும் கடந்தது. அது கிளப்பிய பனித்தூள் என் கையுறைமேல் படிந்தது.

உச்சிவரை அப்படியே போனோம். கடைசி நூறு என்னுடையது.

மேகம் கொஞ்சம் விலகியது. குபான் பட்டையை உரித்துச் சுருட்டினான்.

"ஒவ்வொரு தடவையும் எரநூறு வெட்டியிருக்கியேடா. என்ன பாவத்தக் கழிக்கிற?" என்று சிரித்தான். பிறகு விளிம்புக்கு நகர்ந்தான். "கடைசியா வெட்டுனது நீ. அப்ப இறங்குற முறை எனக்கு."

அவன் எடை பட்டதும் பனிக்கு அடியில் ஏதோ தொப்பென்று அமர்ந்தது. உள்ளே காலியான சத்தம். போன வருடம் சரிவு உடையும் முன்பும் அதைக் கேட்டேன்.

புகையிலை வாசனை என் காதருகே வந்து நின்றது.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். வரிசைப்படி அது குபானின் முறைதான்.

"நில்லுடா. இது என் முறை. போன வருஷத்தது" என்றேன்.

"என்ன ஒளர்ற?"

"அன்னிக்கு நான்தான் முதல்ல எறங்கணும். பயமா இருந்துச்சு. கால் வலிக்குது, நீ போடான்னேன். 'உன் முறையாச்சே அண்ணே'ன்னான். போடான்னேன். போனான்."

குபான் அடிப்பான் என்று நினைத்தேன். அவன் பின்னால் நகர்ந்து வழிவிட்டான்.

"போ."

இறங்கினேன். மார்புவரை பொடிப்பனி எழுந்து முகத்தில் அடித்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் சரிவு உடையும் என்று காத்திருந்தேன். உடையவில்லை. கீழே நின்று விசில் ஊதினேன். யாரும் இறங்கி வரவில்லை. கை மரத்துப்போகும்வரை நின்றேன். ஏறிய தடத்திலேயே குபான் வீட்டுக்குத் திரும்பியிருந்தான்.

அந்த வியாழக்கிழமை அவன் வீட்டிலிருந்து எண்ணெய் வாசனை வந்தது. பொரித்ததைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். என் வாசலை மட்டும் தாண்டிப் போனார்கள். இப்போது என்னோடு மலையேற யாரும் வருவதில்லை. விருந்தாளிகளுக்கு முன் சரிவைப் பார்த்து வைப்பதுதான் என் பிழைப்பு. அதனால் தனியாக ஏறுகிறேன்.

வாசனை போய்ச் சேர்ந்ததும் எர்மெக் போய்விடுவான் என்று நினைத்திருந்தேன்.

நூறு எண்ணி ஒதுங்குகிறேன். சர்ர், சர்ர் என்று என்னைக் கடக்கிறது. நூறு வெட்டிவிட்டு எனக்காக ஒதுங்கி நிற்கிறது.

நேற்று ஏமாற்றப் பார்த்தேன். தொண்ணூறில் ஒதுங்கினேன்.

எதுவும் கடந்து போகவில்லை. புகையிலை வாசனை மட்டும் பின்னால் நின்று காத்திருந்தது. மீதிப் பத்து அடியையும் வெட்டினேன். பிறகுதான் அது நகர்ந்தது.

எந்த வழியில் ஏறினாலும், உச்சியில் கடைசி நூறு அதனுடையதாகவே முடிகிறது.

இறங்கும் முறை எனக்கு.