தொண்ணூறுக்குக் கீழே

பெருந்துறையில் சென்னியப்பனின் சாய ஆலையில் பயந்தவர்களால் எதையும் படிக்க முடியாது. ஆளுக்கொரு நாடிப்பட்டை மணிக்கட்டில் இருக்கும். ஆலையின் பேச்சு, கோப்பு, சாயக் கலவைக் குறிப்பு, கதவு எண் எல்லாம் யாருக்கும் புரியாத மறையுரையாக அதற்குத்தான் வந்து, அங்கே எழுத்தாகும். இதயம் நிமிடத்துக்குத் தொண்ணூறு துடிப்பைத் தாண்டினால் எழுத்துகள் கலைந்து சாம்பல் கோடுகளாகிவிடும். அடங்கினால்தான் மறுபடி கூடும்.

இதற்கு அகப்பூட்டு என்று பெயர். தேர்ந்தெடுத்தவர் சென்னியப்பனேதான். போட்டிக்காரன் எவனோ அவருடைய எழுத்தர் கழுத்தில் கத்தியை வைத்து, செய்தியைத் திறக்கச் சொல்லி, கலவைக் குறிப்பைக் கொண்டுபோய்விட்டான். எழுத்தர் பிழைத்ததில் அவருக்குப் பெரிய சந்தோஷமில்லை. குறிப்பு போனதுதான் வயிற்றெரிச்சல். பிறகு பூட்டு விற்கும் மூன்று நிறுவனக்காரர்கள் வந்தார்கள். இருவர் தங்கள் பூட்டை உடைக்க எத்தனை நூற்றாண்டு ஆகும் என்று படம் போட்டு விளக்கினார்கள். மூன்றாமவன் விளக்கமே சொல்லவில்லை. அதே எழுத்தர் கையில் பட்டையைக் கட்டி, காவல் நாயை அவிழ்த்து அவர்மேல் ஏவச் சொன்னான். பாவம், மனிதர் மேசைமேல் ஏறி நின்று நடுங்கினார். பட்டை திறக்கவில்லை. சென்னியப்பன் கண்ணில் நீர் வரச் சிரித்து, அன்றே கையெழுத்துப் போட்டார்.

மேற்பார்வையாளர் சொர்ணவல்லி மட்டும் ஒன்று கேட்டாள். "ஏனுங் மொதலாளி, தீப்புடிச்சாக்கூட நெஞ்சு படபடன்னு அடிக்குமுங்களே. அப்ப எப்படிங்க படிக்கறது?"

"உனக்கு அடிக்கும் அம்மிணி. எனக்கு அடிக்காது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்துவிட முடியுமா, முதலாளி சொன்ன நகைச்சுவை ஆயிற்றே!

அந்த ஆலையில் தண்ணீரில்லாமல், கரிவளியை, அதாவது கரியமில வாயுவை, அழுத்தித் துணிக்குச் சாயமேற்றுவார்கள். சாயக்கூடத்தின் கண்ணாடி பதித்த எஃகுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்; உள்ளேயிருந்து திறக்கவும் எண் வேண்டும். அதன் எண் மணிக்கொரு முறை மாறும், யாரும் மனப்பாடம் செய்துவிடக் கூடாதல்லவா? பதினொரு மணிக்கு வளி மெல்ல ஏறத் தொடங்கும், உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான். அதை நிறுத்தவும் அதே எண்தான்.

சித்திரையில் ஒரு நாள் சென்னியப்பனின் மகள் மரகதம் பத்தே முக்காலுக்குத் துணியைப் பார்க்க உள்ளே போனாள். அங்கே பதினொன்றாகிவிட்டது. அவள் மனதிலிருந்த எண் செத்துப்போனது. கதவுக்கு வெளியே சென்னியப்பன் நின்றார், பட்டை நூற்று நாற்பது காட்டியது. கண்ணாடிக்குப் பின்னால் மகள் இருமுகிறாள். மகளை ஆசையாக வளர்த்த அப்பனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. எழுத்தருக்கும் மற்றவர்களுக்கும் அதே கதைதான். சொர்ணவல்லி ஓடிவந்து, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நான்கு முறை மூச்சை இழுத்து விட்டாள். கொதிகலன் பக்கத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள், பதறினால் கை போய்விடும் என்று பழகியவள். துடிப்பு அறுபத்தெட்டுக்கு வந்தது. எண்ணைப் படித்தாள், கதவைத் திறந்தாள். மரகதம் பிழைத்தாள்.

மறுநாள் சென்னியப்பன் பட்டைப் பதிவேடுகளைப் பார்த்தார். எல்லார் பெயருக்கும் நேரே நூற்றைத் தாண்டியிருந்தது. ஒருத்திக்கு மட்டும் அறுபத்தெட்டு.

"எம் புள்ள உள்ள சாகக் கெடக்கறா. உனக்கு நெஞ்சுகூடத் துடிக்கலயா?"

சொர்ணவல்லி ஏதோ விளக்க வந்தாள். அவர் கேட்கவில்லை. தன் கையாலேயே அவள் பெயரை அகப்பூட்டிலிருந்து அழித்து அனுப்பிவிட்டார். நன்றி கெட்ட ஜென்மம் எது என்று பதிவேட்டில் எழுதியிருக்காது, நானாவது சொல்லிவிடுகிறேன்: அவர்தான்.

அதன்பின் ஆட்கள் சாயக்கூடத்துக்குள் போக மறுத்தார்கள். அவர்கள் மானத்தை வாங்குவதற்காகவே ஒரு நாள் பத்து ஐம்பத்தைந்துக்குச் சென்னியப்பன் உள்ளே போய், துணியைத் தடவிக்கொண்டே நடந்தார். நடுவில் கால் துணி சுற்றிய உருளைக்கடியில் மாட்டிக்கொண்டது. உருவிக்கொண்டு கதவுக்கு வருவதற்குள் பதினொன்றாகிவிட்டது. பட்டை நூற்று முப்பது காட்டியது.

வெளியே பதினோரு பேர் பட்டையும் கையுமாக நின்றார்கள். நிதானமாக இருப்பவனுக்கு வேலை போகும் என்பது எல்லாருக்கும் தெரியும்; அந்தப் பயமே எல்லார் துடிப்பையும் தொண்ணூறுக்கு மேல் ஏற்றப் போதுமாக இருந்தது. மரகதம் அழுதுகொண்டே சாதாரணத் தொலைபேசியில் சொர்ணவல்லியைக் கூப்பிட்டாள். பக்கத்துத் தெருவிலிருந்த அவளும் மறுக்காமல் ஓடிவந்தாள். யாருடைய பட்டையையோ வாங்கிக் கட்டிப் பார்த்தாள். இந்த நாடிக்குரியவர் இங்கே ஊழியரில்லை என்றது. மறுபடி சேர்க்கும் உரிமை முதலாளிக்கு மட்டும்தான்.

சொர்ணவல்லி கண்ணாடியோடு முகத்தை ஒட்டி, "என்னையப் பாருங்க. மெதுவா மூச்சு விடுங்க," என்றாள்.

அவரும் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு. நூற்று இரண்டு. அப்போது தலைக்கு மேல் வளி இன்னும் பலமாகச் சீறியது. நூற்று ஐம்பது. மரகதம் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். அதைப் பார்த்து அவர் துடிப்பு இன்னும் ஏறியது.

பிறகு அவர் கண்ணாடி ஓரமாகச் சரிந்து உட்கார்ந்தார். கை மடியில் விழுந்தது. துடிப்பு இறங்கத் தொடங்கியது. நூறு. தொண்ணூற்று நான்கு. எண்பத்தெட்டு. பட்டையில் சாம்பல் கோடுகள் அழகாக ஒன்றுகூடின. அதற்குப் பயம் ஒன்றுதான் தெரியும், மற்றது தெரியாது.

'தாங்கள் அமைதியாக இருக்கிறீர்கள். செய்தியைப் படிக்கலாம்.'

கீழே ஆறு இலக்கங்கள். சொர்ணவல்லி கண்ணாடி வழியாக அதைப் படித்து, கதவில் அழுத்தினாள். கதவு திறந்தபோது பட்டை நாற்பது காட்டியது. மரகதம் அப்பாவை மடியில் போட்டுக்கொண்டாள். அது இருபது ஆயிற்று, பிறகு ஒன்றுமில்லை. எழுத்து மட்டும் கலையவே இல்லை.